ஒன்பது மணியிலிருந்து நாலரை மணி வரை

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண் ஒருத்திக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட் நாப்கின். பாக்கெட்டுக்கு 6. ஆக இரண்டு மாதத்துக்கு 18, மாதத்துக்கு 9. உதிரப்போக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு இரண்டுகூட வராது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மீதியை யார் வாங்குகிறார்கள்? வசதி இருந்தால் அம்மா வாங்குகிறாள். இல்லையென்றால் பழைய சேலைத் துணி. அதுவும் இல்லையென்றால், காலையில் வைத்ததையே சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொள்கிறாள் பிள்ளை.

இதைச் சொல்வதால் அந்தத் திட்டத்தைக் குறைவாக எடை போடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2011-இல் அறிவித்து, 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தியவர்களுக்குத்தான் அது என்ன மாற்றம் என்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும் கொடுத்தார்கள். சிறையில் இருக்கிற பெண்ணுக்கும் மாதவிடாய் வரும் என்பது ஓர் அரசாணைக்குள் ஏறியதே பெரிய விஷயம் என்று எனக்கு அன்று தோன்றியது.

கோயம்புத்தூரில் அருணாசலம் முருகானந்தம் சிறிய நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். படமே வந்துவிட்டது. மீண்டும் சொல்லப்போவதில்லை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டதும், எதிர்ப்பு வந்து 2018 ஜூலையில் அதை நீக்கியதும் தெரியும். மக்கள் மருந்தகத்தில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்குக் கிடைப்பதும் தெரியும். இவற்றின் பலனைப் புள்ளிவிவரத்தில் பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் 98 சதவீதம். இந்திய அளவில் 78. பீகாரில் 59.

98 சதவீதம் என்றால் வேலை முடிந்துவிட்டதே, இந்தம்மா ஏன் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறார் என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான்.

ஒவ்வோர் ஆண்டும் மே 28, உலக மாதவிடாய் சுகாதார தினம். அன்று மேடைகளில் ஓர் எண் தவறாமல் வரும். இந்தியாவில் 23 சதவீதப் பெண் பிள்ளைகள் மாதவிடாய் வந்ததும் படிப்பை விட்டுவிடுகிறார்கள் என்று. இன்னொரு எண்ணும் வரும், 12 சதவீதப் பெண்கள்தான் நாப்கின் பயன்படுத்துகிறார்கள் என்று. இரண்டும் பத்தாண்டுக்கு மேல் பழைய, சிறிய கணக்கெடுப்பிலிருந்து கிளம்பி ஊர் சுற்றிக்கொண்டிருப்பவை. 2015–16 குடும்பநல ஆய்விலேயே சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துகிறவர்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். இந்தியாவில் நடந்த 138 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியானது. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வராமல் இருப்பதாகச் சொன்ன மாணவிகள் அதில் சுமார் 24 சதவீதம். கவனியுங்கள், அந்த நாட்களில் வராமல் இருப்பது. படிப்பை நிறுத்திவிடுவது வேறு. நல்ல காரியத்துக்காகத்தானே என்று எண்ணை ஊதிப் பெரிதாக்கினால், அடுத்த முறை உண்மையைச் சொல்லும்போதும் நம்ப ஆள் இருக்காது.

நேபாளத்தில் சித்வன் மாவட்டத்தில் எமிலி ஆஸ்டர், ரெபேக்கா தோர்ன்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு மாதவிடாய்க் கப் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு தரப்பின் வருகையையும் ஒப்பிட்டார்கள். மாதவிடாயால் ஒரு பிள்ளை ஓராண்டில் இழக்கும் பள்ளி நாள் அரை நாளுக்கும் குறைவு என்று வந்தது. கப் கொடுத்ததால் வருகையில் வித்தியாசமே இல்லை. இந்த முடிவைப் பார்த்துப் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. வகுப்பில் நின்றவள் என்பதால் எனக்கு அது புதிதாகவும் இல்லை. பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். வலியோடு வருகிறார்கள், பயத்தோடு வருகிறார்கள், வந்து கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். கரும்பலகைக்கு வா என்றால் எழுந்திருக்க மாட்டார்கள். பி.டி. பீரியடில் மரத்தடி. வருகைப் பதிவேட்டில் அவள் ஆஜர். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்த ஆய்வும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நாப்கின் என்ன செய்யும்? காலை ஏழரை மணிக்கு வீட்டில் அதை வைத்துக்கொண்டு பிள்ளை கிளம்புகிறாள். எட்டு மணி டவுன் பஸ். பள்ளி ஒன்பது மணிக்கு. மாலை நாலரைக்கு மணி அடித்து, ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் அதையும் முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வர ஆறாகிவிடும். நடுவில் ஒருமுறையாவது, முதலிரண்டு நாள் என்றால் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். அந்த ஒருமுறைக்கு என்னென்ன வேண்டும் என்று ஆண்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கதவு வேண்டும். கதவில் உட்பக்கத் தாழ்ப்பாள் வேண்டும். உள்ளே தண்ணீர் வேண்டும். வெளியே சின்டெக்ஸ் தொட்டியில் இருந்தால் பற்றாது, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பையன்கள் நிற்கும் மைதானத்தைக் கடந்து போகிற பிள்ளை எதற்குப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கழற்றியதைப் போட மூடியுள்ள தொட்டி வேண்டும். சோப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வகுப்பிலிருந்து எழுந்து போக அனுமதி வேண்டும். "இன்டர்வெல்ல போகாம என்ன பண்ணின?" என்ற கேள்வி இல்லாத அனுமதி.

இதில் ஒன்று இல்லாவிட்டாலும் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கழிப்பறைக்குப் போகும் தேவையே வராமல் பார்த்துக்கொள்வது. சிறுநீர்த் தொற்றோடு மருத்துவமனைக்குப் போகிற எத்தனையோ பிள்ளைகளின் கதை அந்தக் குடிக்காத தண்ணீர் பாட்டிலில் தொடங்குகிறது.

கழிப்பறைதான் கட்டியாகிவிட்டதே என்பீர்கள். கட்டினார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வேண்டும் என்று எழுதிவிட்டது. 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் ஓராண்டுக்குள் எல்லாப் பள்ளியிலும் கட்டி முடிக்க வேண்டும் என்றார். பொதுத்துறை நிறுவனங்கள் மட்டும் சுமார் 1,40,000 கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்குக் கொடுத்தன. பிறகு தணிக்கைத் துறை போய்ப் பார்த்தது. 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை எடுத்துக்கொண்டார்கள். கட்டியதாகச் சொன்ன சில இடங்களில் கழிப்பறையே இல்லை. இருந்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லை. 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை இது. தண்ணீர் இல்லாத கழிப்பறையைப் பள்ளிகள் என்ன செய்யும்? பூட்டிவிடும். சாவி ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்கும். மாதவிடாய் வந்த பிள்ளை ஆசிரியர் அறைக்குப் போய், அங்கே இருக்கிற நாலு பேர் முன்னால் சாவி கேட்க வேண்டும்.

கழிப்பறைக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்பதை அஞ்சலி அடுகியா என்ற ஆய்வாளர் இந்தியப் பள்ளிகளின் தரவை வைத்தே ஆராய்ந்திருக்கிறார். 2003-ஐ ஒட்டி நடந்த பள்ளிக் கழிப்பறைத் திட்டம் அவருடைய களம். கழிப்பறை வந்த பள்ளிகளில் சேர்க்கை கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறை ஆனாலும் பலன் இருந்தது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கோ தனிக் கழிப்பறை இருந்தால்தான் பலன். இதையும் நேபாள ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் கொடுக்கும் பொருள் மட்டும் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவிடுவதில்லை. அதை மாற்ற ஓர் இடம் இருந்தால் நிற்கிறாள்.

அந்த இடத்தைச் சுத்தம் செய்கிறவரைப் பற்றியும் பேச வேண்டும். பேசாமல் விட்டால் என் பேச்சு பாதிதான். பல பள்ளிகளில் தூய்மைப் பணியாளர் பகுதிநேரம், சொற்பத் தொகை, அதுவும் மாதாமாதம் வராது. அவருக்குக் கையுறை கிடையாது. கழிப்பறைக் குழிக்குள் அடைத்துக்கொண்ட நாப்கினை வெறுங்கையால் எடுக்க வேண்டியவர் அவர்தான். அதைச் செய்கிறவர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டியின் விலையை மிச்சம் பிடித்து, அந்த வேலையை அவர் கையில் ஏற்றுகிறோம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2024-இல் வெளியிட்ட கணக்கு, உலகப் பள்ளிகளில் 31 சதவீதத்தில்தான் மாணவிகள் கழிப்பறையில் இதற்கென்று தொட்டி இருக்கிறது என்கிறது. நம் ஊரில் பல பள்ளிகளுக்கு நாப்கின் எரிக்கும் மெஷின் கொடுத்தார்கள். கொடுத்த அன்று ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, ஒரு டீ. ஆறு மாதத்தில் உள்ளிருக்கும் ஹீட்டிங் காயில் கெட்டுப்போய்விடும். மாற்றுவதற்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று தலைமையாசிரியருக்குத் தெரியாது. அதன் மேல் துடைப்பம் சாத்தி வைத்திருப்பார்கள்.

இதுவரை மாதாமாதம் வருவதைப் பற்றிச் சொன்னேன். நம் ஊரில் இதைவிடப் பெரிய விடுப்பு ஒன்று உண்டு, அதை எந்த ஆய்வும் சரியாக எண்ணுவதில்லை. முதல் முறை. பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் ஒன்பது நாள், பதினொரு நாள், சில வீடுகளில் பதினாறு நாள் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். தாய்மாமன் ஓலைக் குடிசை கட்டுவார், பிள்ளையை அதில் தனியே உட்காரவைப்பார்கள். புட்டும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பார்கள். அந்தச் சாப்பாட்டில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, மாதாமாதம் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தப் பதினாறு நாளுக்குள் ஓர் இடைப்பருவத் தேர்வு போய்விடும், கணக்கில் ஒரு பாடம் போய்விடும். சடங்குக்கு நாள் பார்த்து மண்டபம் கிடைக்கவில்லை என்றால் இன்னும் இழுக்கும். அப்புறம் அவள் பள்ளிக்குத் திரும்பி வருகிறபோது ஊர்ச் சந்திப்பில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் நிற்கும். மறைக்க வேண்டியது என்று சொல்லிவிட்டு ஊருக்கே விளம்பரம் செய்யும் இந்த முரணை எழுத்தாளர்கள் பலமுறை கிண்டலடித்துவிட்டார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கூடப் படிக்கிற பையன்கள் எல்லோரும் அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு வகுப்புக்குள் நுழைய வேண்டும்.

அந்த மண்டபத்திலேயே வேறொரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. "மாமன் மகன் இருக்கான்ல?" விளையாட்டுப் பேச்சுதான் என்பார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் திருமணமானவர்கள் கிட்டத்தட்ட 13 சதவீதம். இதுவும் அதே குடும்பநல ஆய்வுதான். எட்டு பேரில் ஒருத்தி. படிப்பு நிற்பதற்கு உதிரப்போக்கு காரணமில்லை. அது வந்ததும் இவள் இனி கல்யாணத்துக்கு உரியவள் என்று வீடு முடிவு செய்வதுதான் காரணம். இந்த இடத்தில் நாப்கின் ஒன்றும் செய்யாது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டம் செய்யும். திருமண உதவித் திட்டமாக இருந்ததை உயர்கல்வி உதவியாக மாற்றியதை நான் மாதவிடாய்க் கொள்கையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

தனியே உட்காரவைப்பது என்ன செய்யும் என்பதற்கு 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு சாட்சி. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், புதிதாக வயதுக்கு வந்த பள்ளி மாணவியை வீட்டுக்கு வெளியே கொட்டகையில் தங்கவைத்திருந்தார்கள். புயலில் தென்னை மரம் அதன் மேல் விழுந்து அவள் இறந்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி மாதவிடாய் நாளில் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். வீட்டாரே தனியாக உட்காரவைக்கக் கேட்டார்கள் என்று பள்ளித் தரப்பில் சொன்னார்கள். இருக்கட்டும். வீடு கேட்டாலும் பள்ளி செய்யலாமா? வீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கலாம். வகுப்பறைக்குள் அது நுழைய முடியாது என்று சொல்கிற துணிவு பள்ளிக்கு வேண்டும். இதை முதலில் ஆசிரியைகளாகிய எங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நாளில் பள்ளிச் சரஸ்வதி பூஜைக்குத் தாங்களாகவே ஒதுங்கி நிற்கும் ஆசிரியைகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பாடப்புத்தகம் என்ன செய்கிறது? வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. பிள்ளைகள் ஆறாவது ஏழாவதிலேயே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். நான் சொன்ன அந்த 138 ஆய்வுத் தொகுப்பில், முதல் மாதவிடாய்க்கு முன்னால் அதைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்த பிள்ளைகள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்து ஏதோ நோய் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பிலேயே, பையன்களையும் உட்காரவைத்துக்கொண்டு, அரை மணி நேரம் சொல்லிவிடலாம். பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்துகிற வகுப்பு பையன்களுக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: உள்ளே ஏதோ அசிங்கம் நடக்கிறது என்று.

வலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாப்கின், கழிப்பறை எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பிள்ளைகள் உண்டு. நேபாள மாணவிகளே பள்ளிக்கு வராததற்குத் துணி இல்லாததைவிட வலியைத்தான் அதிகம் சொன்னார்கள். வலி மாத்திரை கொடுத்தால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று நம்பும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி எதுவும் ஆகாது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். வாராவாரம் பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசுகிறார்கள் என்று பெருக்குகிறவரைக் கேட்டால் சொல்வார். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும். மதியச் சத்துணவுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள்.

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாணவிகளுக்கு மாதவிடாய் சுகாதாரத்தில் நாடு முழுக்க ஒரே சீரான கொள்கை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தில்லியின் கொள்கை ஊர்வரைக்கும் வந்து சேரட்டும், நல்லது. அதற்குள் உங்கள் ஊரில் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு வரும் கூட்டு மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்று விதியே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அம்மாமார்கள் இரண்டு பேர் எழுந்து மாணவிகள் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். காலையில் போகாதீர்கள், காலையில் எல்லாப் பள்ளியும் சுத்தமாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறங்கள். தொட்டி எங்கே, அதைத் தினமும் யார் காலி செய்கிறார், அவருக்குக் கையுறை இருக்கிறதா, சம்பளம் எந்த மாதம் வரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். அவசரத்துக்கு நாப்கின் எந்த ஆசிரியையிடம் இருக்கிறது, கேட்டால் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பாரா என்றும் கேளுங்கள். நோட்டில் இவற்றை எழுதி, அடுத்த மாதம் அதே இடத்துக்கு மறுபடி போங்கள். "எத்தனை பாக்கெட் வழங்கப்பட்டது" என்று அறிக்கை அனுப்புவது எளிது. இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா என்று யாரும் அறிக்கை கேட்பதில்லை.

மேடைக்குச் சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது, மாணவிகளுக்கு மாதவிடாய் விடுப்பு கொடுக்கலாமா என்று. இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. கொச்சி சமஸ்தானத்தில் திருப்பூணித்துறை அரசு மகளிர் பள்ளியில் 1912-இலேயே, ஆண்டுத் தேர்வு நாளில் மாதவிடாய் வந்தால் மாணவி விடுப்பு எடுத்துப் பின்னொரு நாள் தேர்வு எழுதலாம் என்று அனுமதித்தார்கள். 2023-இல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகையில் 2 சதவீதம் தளர்த்திக் கொடுத்தது, கேரளத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பரவியது. பல்கலைக்கழகத்துக்குச் சரி. தேர்வை மாற்றி எழுதுவதும் சரி, நம் பள்ளிகளிலும் செய்யலாம். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் இரண்டு நாள் என்று பொது விடுப்பு அறிவித்தால், வேண்டாத பிள்ளையையும் வீடு நிறுத்தி வைக்கும். "அதான் லீவு விட்டிருக்காங்கள்ல" என்பார்கள். பழைய ஒதுக்கத்துக்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தது போலாகிவிடும். பள்ளியில் ஓர் அறையில் ஒரு பாய், தலையணை, வெந்நீர்ப் பை, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருந்தால் பாதிப் பேர் மூன்றாவது பீரியடுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கும் மேல் முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் எழுதித் தரச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். விடுப்புக் கடிதத்தில் "காய்ச்சல்" என்று பொய் எழுதப் பிள்ளைகளுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம்.

இன்னும் மூன்று சீட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் துணியா, நாப்கினா, கப்பா எது நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். வெயிலில் காயவைக்க முடிந்தால் துணியும் நல்லதுதான்; ஒளித்து வைத்து ஈரத்தோடு கட்டினால் கெடுதல். கப்பைப் பற்றி இங்கே வந்திருக்கும் மருத்துவரம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். அவரிடம் ஒலிபெருக்கியைக் கொடுக்கிறேன்.